தன் இருப்பிடம் அறியும் நிரல்: ஒரு வரலாறு

கணினியில் நிறுவப்படும் நிரல் தனியாக வருவதில்லை. படங்கள், எழுத்துருக்கள், உதவிக் கோப்புகள், மொழிப் பட்டியல்கள், துணை நூலகங்கள் என்று ஒரு கூட்டமே அதனுடன் வன்தட்டில் இறங்குகிறது. நிரல் ஓடத் தொடங்கியதும் இவற்றைத் திறந்தாக வேண்டும். ஆனால் எந்த இயக்ககத்தில், எந்தக் கோப்புறையில் நிறுவுவது என்பதைத் தீர்மானிப்பவர் பயனர். நிரலை எழுதியவருக்கு அது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஓடும்போதுதான் நிரல் தன் சொந்தக் கோப்புறையைக் கேட்டறிய வேண்டும். இன்று ஒரே வரியில் முடிகிற இந்த வேலைக்குப் பின்னால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. முதலில், நிரலை அழைத்தவர் சொன்னதே விடையாக இருந்தது. பிறகு இயங்குதளமே விடை சொல்லத் தொடங்கியது. கடைசியில் அந்தக் கோப்புறையையே இயங்குதளம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

யூனிக்ஸ்: அழைத்தவர் சொன்ன பெயர்

கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் 1969 முதல் உருவாக்கிய யூனிக்ஸில் கோப்புக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வட்டில் கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு என்ற பதிவு வெறும் எண்ணால் அறியப்படுகிறது. கோப்புறை என்பது பெயர்களையும் அந்த எண்களையும் இணைக்கும் பட்டியல். ஒரே எண்ணுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எல்லாப் பெயர்களையும் அழித்துவிட்டாலும் நிரல் தடையின்றி ஓடும். இப்படிப்பட்ட அமைப்பில் ‘இந்த நிரலின் பாதை எது’ என்ற கேள்விக்கு ஒரே விடை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இருந்தாலும் ஒரு குறிப்பு கிடைத்தது. சி மொழியில் எழுதிய நிரலின் மெயின் செயற்கூற்றுக்கு வந்து சேரும் சொற்களின் வரிசையில் பூஜ்ஜியமாவது இடத்தில், அதாவது ஆர்க்வி[0]-இல், நிரலின் பெயர் இருக்கும். அதை அங்கே எழுதுவது இயங்குதளத்தின் கரு அன்று, நிரலை அழைக்கும் மற்றொரு நிரல். உறையின் மேல் எழுதிய அனுப்புநர் முகவரியைப் போன்றது அது: எதை எழுதினாலும் அஞ்சலகம் சரிபார்ப்பதில்லை. பயனர் உள்நுழையும்போது லாகின் நிரல், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரலின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு கோடு சேர்த்து ‘-எஸ்ஹெச்’ என்று எழுதும். தான் உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கியிருப்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே ஷெல் அறிந்துகொள்ளும். அப்படி ஒரு பெயருள்ள கோப்பு வட்டில் எங்கும் இல்லை.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல்லில், கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல் பாத் என்ற மாறியில் இருந்தது. பயனர் வெறும் பெயரைத் தட்டினால் ஷெல் அந்தப் பட்டியலில் தேடி நிரலைக் கண்டுபிடிக்கும். நிரலிடம் கொடுப்பதோ பயனர் தட்டிய வெறும் பெயரை மட்டும். ஆகவே தன் இடத்தை அறிய விரும்பிய நிரல், ஷெல் செய்த தேடலைத் தானும் ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. பெயர் சாய்வுக் கோட்டில் தொடங்கினால் அதுவே முழுப் பாதை. நடுவில் சாய்வுக் கோடு இருந்தால், தொடங்கும்போது இருந்த நடப்புக் கோப்புறையுடன் அதைச் சேர்க்க வேண்டும். கோடே இல்லையென்றால் பாத் பட்டியலில் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். 1983-இல் 4.2பிஎஸ்டி குறியீட்டு இணைப்புகளைக் கொண்டுவந்தபின் இன்னொரு படி கூடியது: கிடைத்த பாதை உண்மையான கோப்பா, வேறெங்கோ சுட்டும் இணைப்பா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிரமத்தையும் யூனிக்ஸ் உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அங்கே நிரல்கள் தனித்தனிக் கோப்புறைகளில் வாழவில்லை. ஓடும் கோப்பு ஓரிடம், நூலகங்கள் வேறிடம், அமைவுக் கோப்புகள் இன்னோரிடம் என்று வகைவாரியாகப் பிரித்து வைப்பதே வழக்கம். எது எங்கே என்பது நிரலைத் தொகுக்கும்போதே அதற்குள் எழுதப்பட்டுவிடும். குனு மென்பொருள்களின் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ‘பிரீஃபிக்ஸ்’ என்ற பெயரில் கேட்பது இந்தத் தலைக் கோப்புறையைத்தான்; எதுவும் சொல்லாவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று எடுத்துக்கொள்ளும். நிர்வாகி ஒருவர் பராமரிக்கும் பொதுக் கணினிக்கு இது நன்றாகவே பொருந்தியது. நிரலை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் தனிப் பயனருக்கு இது உதவவில்லை.

ஆர்க்வி[0] வெறும் வழக்கம்தான் என்பதன் விலை நெடுங்காலம் கழித்துத் தெரிந்தது. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், லினக்ஸின் பிகேஎக்ஸெக் என்ற அனுமதி நிரலில் 2009 முதல் இருந்துவந்த பெரும் பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டனர். அந்த நிரலைச் சொற்களே இல்லாத வெற்று வரிசையுடன் அழைத்தால், பூஜ்ஜியமாவது இடம்கூட இல்லாத வரிசையைத் தாண்டி அது படிக்கும். அதன் வழியாகச் சாதாரணப் பயனர், கணினியை முழுதாக ஆளும் ரூட் அதிகாரத்தைப் பெற்றுவிடலாம். அதன்பின் வந்த லினக்ஸ் 5.18, வெற்று வரிசையுடன் நிரல் அழைக்கப்பட்டால் ஒரு வெற்றுச் சொல்லைத் தானே சேர்த்துவிடுகிறது.

டாஸ்: சூழலுக்குப் பின்னால் ஒரு வரி

தனிநபர் கணினியில் இந்தக் கேள்வி வேறு வழியாக வந்தது. 1981-இல் வெளிவந்த முதல் டாஸில் துணைக் கோப்புறைகளே இல்லை. ஃபிளாப்பி வட்டில் உள்ள கோப்புகள் யாவும் ஒரே பட்டியலில் இருந்ததால், நிரல் தன் துணைக் கோப்பைப் பெயர் சொல்லித் திறந்தால் போதும். 1983-இல் ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் 10 மெகாபைட் வன்தட்டுடன் டாஸ் 2.0 வந்தது, அதனுடன் கோப்புறைகளும் பாத் பட்டியலும் வந்தன.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அன்று மிகப் பரவலாக இருந்த சொற்செயலியான வேர்ட்ஸ்டார், கோப்புறைகள் இல்லாத சிபி/எம் இயங்குதளத்தின் காலத்தில் பிறந்தது. நினைவகம் போதாததால் தன் ஒரு பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளும். ஓவர்லே என்று இத்தகைய கோப்புகளுக்குப் பெயர். பாத் பட்டியலின் உதவியால் வேர்ட்ஸ்டாரை எந்தக் கோப்புறையிலிருந்தும் தொடங்க முடிந்தது. ஆனால் பாத், ஓடக்கூடிய கோப்புகளை மட்டுமே தேடும். ஓவர்லே கோப்புகளைத் தேடாது. ஆகவே கடிதங்கள் உள்ள கோப்புறையில் நின்று வேர்ட்ஸ்டாரை அழைத்தால், அது எழுந்து, தன் மறுபாதியைக் காணாமல் நின்றுவிடும். முதலில் வேர்ட்ஸ்டாரின் கோப்புறைக்குப் போய், பிறகு நிரலை அழைக்கும் சிறு பேட்ச் கோப்பு ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது பயனர்களின் வழக்கமாயிற்று. பாத் பட்டியல் நிரல்களுக்குச் செய்ததைத் தரவுக் கோப்புகளுக்குச் செய்யும் அப்பெண்ட் கட்டளை பின்னாளில் டாஸிலேயே சேர்ந்தது.

நேரான தீர்வு 1984-இல் டாஸ் 3.0-உடன் வந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் டாஸ் ஒரு சூழல் தொகுதியைக் கொடுக்கும். பாத் முதலிய மாறிகள் அதில் வரிசையாக இருக்கும். வரிசை முடிந்ததற்கு அடையாளம் அடுத்தடுத்து இரண்டு பூஜ்ஜிய பைட்டுகள். டாஸ் 3.0 அந்த முடிவுக்கும் அப்பால் ஒரு சிறு எண்ணையும், அதைத் தொடர்ந்து நிரலின் முழுப் பாதையையும் எழுதி வைத்தது. சூழலைப் படிக்கும் பழைய நிரல்கள் இரட்டைப் பூஜ்ஜியத்தில் நின்றுவிடும் என்பதால் அவற்றுக்கு இடைஞ்சல் இல்லை. புதிய நிரல்கள் அதைத் தாண்டிப் படித்தால் விடை கிடைக்கும். டர்போ சி தொகுப்பி இந்தப் பாதையை எடுத்து ஆர்க்வி[0]-இல் வைத்தது. பழைய டாஸில் அதே இடம் வெறுமையாக இருக்கும். டர்போ பாஸ்கலில் பாரம்ஸ்டர்(0) என்று கேட்டால் கிடைத்தது. பின்னர் டெல்ஃபியில் எழுதியவர்களும் அதே வரியையே பயன்படுத்தினார்கள். இங்கே பெயரை எழுதியவர் அழைத்தவர் அல்லர். நிரலை வட்டிலிருந்து ஏற்றிய இயங்குதளமே எழுதியது. அதனால் அதை நம்ப முடிந்தது.

பாதையே வேண்டாம் என்ற வழி

அதே காலத்தில் வேறு சில கணினிகள் இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் அணுகின. நிரலுக்கு உண்மையில் வேண்டியது தன் இருப்பிடம் அன்று, தன் உடைமைகள் என்பதே அவற்றின் அணுகுமுறை.

1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு கிளைகள் இருந்தன. ஒன்றில் தரவு, மற்றொன்றில் மெனுக்கள், சின்னங்கள், உரையாடல் பெட்டிகள், ஏன், நிரலின் கட்டளைகளும்கூட. நிரல் தொடங்கும்போதே அந்த இரண்டாவது கிளையைக் கணினி திறந்து வைத்திருக்கும். நிரல் ‘எண் 128 உள்ள மெனுவைக் கொடு’ என்று கேட்டால் போதும். பாதை என்ற பேச்சே எழுவதில்லை.

பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் தன் ஆர்க்கிமிடிஸ் கணினிகளுக்காக உருவாக்கிய ரிஸ்க் ஓஎஸ்ஸில், வியப்புக்குறியில் தொடங்கும் கோப்புறையே ஒரு பயன்பாடு. அதைச் சொடுக்கினால் உள்ளே இருக்கும் ‘!ரன்’ என்ற கோப்பு இயங்கும். தான் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது அதற்கு ஒரு மாறியில் கிடைக்கும். அமிகா கணினி இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு 1990-இல் ‘ப்ராக்டிர்:’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. எந்த நிரல் அந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தந்த நிரலின் சொந்தக் கோப்புறையாக அது பொருள்படும். நிரலர் தன் கோப்பின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனமும் இதே வழியில் சென்றது. நெக்ஸ்ட்ஸ்டெப்பில் பயன்பாடு என்பது ‘.ஆப்’ என்று முடியும் கோப்புறை. திரையில் அது ஒற்றைச் சின்னமாகத் தெரியும். இந்தக் கோப்புறைக்குப் பண்டில் என்று பெயர். நிரல் தன் பண்டிலைக் கேட்டு, அதனிடம் வேண்டிய படத்தையோ சொற்பட்டியலையோ பெயர் சொல்லிப் பெறும். பயனரின் மொழிக்கு ஏற்ற துணைக் கோப்புறையில் தேடுவதையும் பண்டிலே பார்த்துக்கொள்ளும். நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியபின் 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் இந்த அமைப்பைச் சுவீகரித்தது. ஐஃபோனும் அதையே பின்பற்றுகிறது. பயன்பாட்டை வேறிடத்துக்கு இழுத்துப் போட்டாலும் அது பழுதின்றி ஓடுவது இதனால்தான்.

விண்டோஸ்: 260 எழுத்துகளின் எல்லை

விண்டோஸ் தன் 16-பிட் காலத்திலிருந்தே கெட்மாட்யூல்ஃபைல்நேம் என்ற செயற்கூற்றை வைத்திருக்கிறது. முதல் இடத்தில் பூஜ்ஜியத்தைக் கொடுத்து அழைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் முழுப் பாதை கிடைக்கும். அதில் கடைசிப் பின்சாய்வுக் கோட்டுக்கு அப்பால் உள்ளதை வெட்டினால் மிஞ்சுவது கோப்புறை. இந்த இரண்டு படிகளும் விண்டோஸ் நிரலர்களுக்குக் கைப்பழக்கமாயின.

ஆனால் விடை எழுதப்பட வேண்டிய இடத்தின் நீளத்தை நிரலரே ஒதுக்க வேண்டும். மேக்ஸ்_பாத் என்ற மாறிலியின்படி 260 எழுத்துகளை ஒதுக்குவது வழக்கம்: இயக்ககத்தின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்வுக் கோடு, பெயருக்கு 256, முடிவைக் காட்டும் பூஜ்ஜியம். விண்டோஸ் என்டி குடும்பத்தின் உள்ளே பாதைகள் ஏறத்தாழ 32,767 எழுத்துகள்வரை நீளலாம். ஒதுக்கிய இடம் போதாவிட்டால் விண்டோஸ் எக்ஸ்பி பாதையை வெட்டிக் கொடுக்கும். முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்தையும் எழுதாது. அதைக் கவனியாத நிரல், அடுத்து நினைவகத்தில் இருக்கும் குப்பையையும் பாதையின் பகுதியாகப் படிக்கும். விஸ்டாவிலிருந்துதான் இந்த நிலையில் பிழைக்குறி முறையாகக் கிடைக்கிறது.

1995-இல் விண்டோஸ் 95 நீண்ட கோப்புப் பெயர்களையும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறையையும் வழக்கமாக்கியது. பெயரின் நடுவே வரும் ஓர் இடைவெளி பல நிரல்களைத் தடுமாற வைத்தது. பாதையை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் மற்றொரு நிரலை அழைத்தால், விண்டோஸ் முதலில் ‘சி:\புரோகிராம்.எக்ஸி’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு கோப்பை யாராவது வைத்திருந்தால் அதுவே ஓடிவிடும். ஜெர்மன் விண்டோஸில் அந்தக் கோப்புறையின் பெயர் அன்று ‘புரோகிராமே’ என்று இருந்தது. ஸ்பானிய விண்டோஸில் வேறு. ஆங்கிலப் பெயரை நிரலுக்குள் நேராக எழுதி வைத்தவர்களின் நிரல்கள் அந்த நாடுகளில் ஓடவில்லை. கோப்புறையை ஊகிக்கக் கூடாது, கேட்டே அறிய வேண்டும் என்ற பாடம் இங்கிருந்து பரவியது.

விஷுவல் பேசிக் நிரலர்களுக்கு விடை இன்னும் எளிதாக, ஆப்.பாத் என்ற பண்பாகக் கிடைத்தது. அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. நிரல் ஒரு கோப்புறைக்குள் இருந்தால் விடையின் முடிவில் பின்சாய்வுக் கோடு வராது. இயக்ககத்தின் வேரிலேயே இருந்தால் ‘ஏ:\’ என்று கோட்டுடன் வரும். கோடு இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும் ஒரு நிபந்தனை வரியை எழுதாதவரின் நிரல், வன்தட்டில் ஒழுங்காக ஓடி, ஃபிளாப்பியில் படுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலான பிழை, நடப்புக் கோப்புறையைச் சொந்தக் கோப்புறை என்று எண்ணுவது. சின்னத்தைச் சொடுக்கித் தொடங்கும்போது பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதனால் சோதனையில் பிழை வெளிப்படாது. குறுக்குவழியின் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியில் வேறு பாதை இருந்தால் இரண்டும் பிரியும். பின்னணிச் சேவையாக ஓடும் நிரலுக்கு நடப்புக் கோப்புறை சிஸ்டம்32. கோப்பைத் திறக்கும் வழக்கமான உரையாடல் பெட்டிகூட, பயனர் கோப்பைத் தேர்ந்த இடத்துக்கு நடப்புக் கோப்புறையை மாற்றிவிடக்கூடும். காலையில் நன்றாக ஓடிய கணக்கு நிரல், பயனர் ஃபிளாப்பியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தவுடன் தன் தரவுத்தளத்தைக் காணவில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருந்தது.

இது பாதுகாப்புச் சிக்கலாகவும் வளர்ந்தது. துணை நூலகத்தை நடப்புக் கோப்புறையில் தேடும் நிரலை, அங்கே அதே பெயரில் தீய நூலகம் ஒன்றை வைத்து ஏமாற்றலாம். 2004-இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தேடல் வரிசையில் நடப்புக் கோப்புறையைப் பின்னுக்குத் தள்ளியது. அப்போதும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இதுபற்றித் தனியே எச்சரிக்கை வெளியிட்டது.

லினக்ஸ்: கருவே தரும் சாட்சி

யூனிக்ஸ் வழியில் வந்த அமைப்புகளுக்கு நம்பகமான விடை, ஓடும் நிரல்களையே கோப்புகளாகக் காட்டும் ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. 1984-இல் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸுக்காக இதை உருவாக்கினார். லினக்ஸ் அதை விரிவாக்கி, ஒவ்வொரு நிரலின் கீழும் ‘எக்ஸி’ என்ற இணைப்பைக் கொடுத்தது. /புராக்/செல்ஃப்/எக்ஸி என்பதைப் படித்தால், தான் ஏற்றிய கோப்பின் பாதையைக் கருவே சொல்லும். கோப்பு இதற்குள் அழிக்கப்பட்டிருந்தால் பாதையின் முடிவில் ‘டெலீட்டட்’ என்ற குறிப்பும் சேர்ந்து வரும். நிரலைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்பு அழிந்து, பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இது நடக்கும்.

கருவின் சொல்லுக்கும் எல்லை உண்டு. பழைய அமைவுகளில், தனக்குச் சொந்தமில்லாத நிரலுக்கும் ஒரு பயனர் தன் கோப்புறையில் இன்னொரு பெயர் கொடுக்க முடியும். அங்கிருந்து ஓடினால் ‘சொந்தக் கோப்புறை’ அந்தப் பயனரின் கோப்புறை ஆகிவிடும். 2010-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் வெளிப்பட்ட ஓட்டை இந்த வழியைப் பயன்படுத்தியது. ரஸ்ட் மொழியின் ஆவணங்கள் தன் இருப்பிடத்தைத் தரும் செயற்கூற்றை விளக்கும் இடத்திலேயே, பாதுகாப்பு முடிவுகளுக்கு அதை நம்பக் கூடாது என்று எச்சரிக்கின்றன.

ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு வழியை வைத்துக்கொண்டதால், ஒரே நிரலைப் பல தளங்களில் ஓட்ட விரும்பியவர்களுக்கு நூலகங்களே துணையாயின. கியூட்டி, எஸ்டிஎல் போன்றவை வேறுபாடுகளை மூடி ஒரே செயற்கூற்றைத் தந்தன. கோ மொழி 2017-இல் 1.8 பதிப்பில் இதைத் தன் அடிப்படை நூலகத்திலேயே சேர்த்தது. கோப்புகளுக்கென்று தனி நூலகத்தைக் கொண்டுவந்த சி++17 தரநிலையில்கூட இந்த வசதி இடம்பெறவில்லை.

மெய்நிகர் பொறிகளும் தமிழ்ப் பெயர்களும்

ஜாவாவும் டாட்நெட்டும் வந்தபின் கேள்வியே இரண்டாகப் பிரிந்தது. ஓடுவது மெய்நிகர் பொறி. நிரலரின் கட்டளைகளோ வேறொரு கோப்பில். ஜாவாவில் கட்டளைகள் வந்த இடத்தைக் கேட்டால் கிடைப்பது இணைய முகவரி வடிவில் இருக்கும். கோப்புறைப் பெயரின் இடைவெளி அதில் ‘%20’ ஆகிவிடும். அதை மீட்டெடுக்காமல் பயன்படுத்திய நிரல்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் நிறுவப்பட்டதும் தடுக்கி விழுந்தன. டாட்நெட்டில் அசெம்ப்ளி எனப்படும் அந்தக் கட்டளைக் கோப்பின் இருப்பிடத்தைக் கேட்பது வழக்கமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டும் வசதி வந்தபின், 2020-இன் டாட்நெட் 5-இல் அப்படிக் கட்டிய நிரலுக்கு அந்தக் கேள்விக்குக் கிடைப்பது வெற்றுச் சொல். அடிப்படைக் கோப்புறையைக் கேட்கும் வேறு பண்பையே பயன்படுத்த வேண்டியதாயிற்று.

தமிழ்ப் பயனர்களை நேரடியாகத் தொட்ட சிக்கலும் ஒன்று உண்டு. விண்டோஸின் செயற்கூறுகள் இரண்டு வடிவங்களில் இருக்கின்றன: யூனிகோட் வடிவம், அதற்கு முந்தைய குறியீட்டுப் பக்கங்களைச் சார்ந்த ஏஎன்எஸ்ஐ வடிவம். 2000-இல் விண்டோஸ் தமிழுக்கு ஆதரவு தந்தபோது யூனிகோடில் மட்டுமே தந்தது. தமிழுக்கென்று ஏஎன்எஸ்ஐ குறியீட்டுப் பக்கம் எதுவும் இல்லை. பயனர் தன் பெயரைத் தமிழில் வைத்திருந்து, நிரல் அவருடைய சொந்தக் கோப்புறைக்குள் நிறுவப்பட்டிருந்தால், பழைய வடிவத்தில் பாதையைக் கேட்கும் நிரலுக்குத் தமிழ் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகளே கிடைக்கும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் இடம்பெற முடியாத குறி. ஆகவே அந்தப் பாதையைக் கொண்டு எதையும் திறக்க முடியாது. 2019-இல் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு, பழைய வடிவத்துக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டைத் தேர்ந்துகொள்ள நிரல்களுக்கு வழி தந்தது.

மூடப்பட்ட கோப்புறை

சொந்தக் கோப்புறை தெரிந்ததும் அதிலேயே எழுதவும் செய்வது பழைய வழக்கம். அமைவுகள், பதிவேடுகள், பயனரின் தரவு எல்லாம் நிரலின் அருகிலேயே குவிந்தன. பலர் பயன்படுத்தும் கணினியில் இது பொருந்தவில்லை. விண்டோஸ் விஸ்டா, சாதாரணப் பயனர் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எழுத முயலும்போது அந்தக் கோப்பைச் சத்தமின்றி அவருடைய கோப்புறையில் உள்ள ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிட்டது. எழுதியவர் ஓரிடத்தில் தேட, கோப்பு வேறிடத்தில் இருந்தது.

2016-இன் மேக் ஓஎஸ் சியாரா ஒரு படி மேலே போனது. இணையத்திலிருந்து இறக்கிய பயன்பாட்டைப் பயனர் வேறிடத்துக்கு நகர்த்தாமல் அப்படியே திறந்தால், தற்செயலாகப் பெயரிட்ட, படிக்க மட்டுமே முடிந்த ஒரு தற்காலிக இடத்திலிருந்து அது ஓடும். தன் பாதையைக் கேட்கும் நிரலுக்கு அந்தத் தற்காலிகப் பாதையே கிடைக்கும். அருகில் இருக்கும் கோப்புகளை மாற்றி வைத்து நிரலை ஏமாற்றும் தாக்குதலைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. லினக்ஸின் ஆப்இமேஜ் கோப்பும் ஓடும்போது ஒரு தற்காலிகக் கோப்புறையாக விரிகிறது. பயனர் சொடுக்கிய மூலக் கோப்பின் பாதை, தனியே ஒரு சூழல் மாறியில் நிரலுக்குத் தரப்படுகிறது.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு நிரலர்களிடையே நிலைபெற்ற ஒழுங்கு இது: இருப்பிடத்தை இயங்குதளத்திடமோ, அதைச் சுற்றிக் கட்டிய நூலகத்திடமோ கேட்பது; ஆர்க்வி[0]-ஐயும் நடப்புக் கோப்புறையையும் நம்பாதிருப்பது; சொந்தக் கோப்புறையிலிருந்து படிப்பதோடு நிறுத்திக்கொள்வது; எழுத வேண்டியதைப் பயனருக்கென இயங்குதளம் ஒதுக்கிய கோப்புறையில் எழுதுவது. சிறிய நிரல்களுக்கு இன்னொரு வழியும் வலுப்பெற்றிருக்கிறது. 2021-இல் கோ மொழியின் 1.16 பதிப்பு, படங்களையும் உரைக் கோப்புகளையும் தொகுக்கும்போதே நிரலுக்குள் பதிக்கும் வசதியைத் தந்தது. உடைமைகள் அனைத்தும் நிரலுக்குள்ளேயே இருக்கும்போது அவற்றைத் தேடப் பாதை தேவையில்லை. அமைவுக் கோப்புகளையும் பயனரின் தரவையும் எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது.